மேடுபள்ளச் சாலைக்கு எந்த சஸ்பென்ஷன்? தினமும் ஓடும் காருக்கு ஓர் ஒப்பீடு

போரூரில் வீடு, சோழிங்கநல்லூரில் அலுவலகம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஐந்தாம் வழித்தடம் போகிற ஊர்கள் வழியாகவே என் காரும் தினமும் போய்வருகிறது. முகலிவாக்கம், ஆலந்தூர், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று எங்கும் தடுப்புத் தகரங்களுக்கு நடுவே குறுகிப்போன தடம். அதில் சாலை மட்டத்துக்கு நான்கு விரற்கடை கீழே கிடக்கும் பாதாளச் சாக்கடை மூடி, குழிமேல் போட்ட இரும்புத் தகடு, மழைநீர் வடிகாலுக்காக வெட்டி அரைகுறையாக மூடிய குறுக்குப் பள்ளம். பருவமழை முடிந்தால் இவை இரண்டு மடங்காகும்.

கார் எட்டு வயதான சிறிய ஹேட்ச்பேக். சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்துக்கும் காரின் உடலுக்கும் நடுவே அடியைத் தாங்கும் அமைப்பு, முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக நிற்கும் தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் முறுங்கும் சட்டம்). நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே அமைப்புதான். 80,000 கிலோமீட்டரைத் தாண்டியபோது, பின்சீட்டில் உட்காரும் என் அம்மா ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்சீட்டின் தலைப்பிடியைப் பற்றிக்கொள்வதைக் கண்ணாடியில் கவனித்தேன். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூட்டுவலிக்காரர். அன்றுதான் சஸ்பென்ஷனுக்குச் செலவு செய்வது என்று முடிவெடுத்தேன்.

எதில் செலவு செய்வது என்பதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. கடைகளில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள்: ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் வையுங்கள், அலுமினிய ஸ்பேசர் வளையம் போட்டுக் காரை உயர்த்துங்கள், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை இறக்குமதியாகப் போடுங்கள், பதினாறு அங்குல அலாய் ரிம் போடுங்கள். விசாரித்ததும் அனுபவித்ததும் சேர்ந்து எனக்குத் தெளிவானது இது: மோசமான சாலையில் தினமும் ஓடும் சாதாரணக் காருக்கு முதல் மேம்பாடு, அது புதிதாக வந்த நாளில் இருந்த நிலைக்கு அதைத் திருப்பிக் கொண்டுவருவது. அதற்கு மேல் பணம் இருந்தால் ஷாக்கில் ஒரு படி ஏறலாம். ஸ்பிரிங்கில் கைவைக்க மிகச் சிலருக்கே காரணம் இருக்கிறது. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், பழுதா போதாமையா?

குலுங்குகிற கார் எல்லாமே சஸ்பென்ஷன் போதாத கார் அல்ல. நான் முதலில் செய்தது காலையில், டயர் சூடாகும் முன், காற்றழுத்தம் பார்த்தது. நான்கிலும் 38 பிஎஸ்ஐ. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருப்பது அதைவிட எவ்வளவோ குறைவு. பங்க்கில் "எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்டபோது கவனமில்லாமல் தலையாட்டியதன் விளைவு. தாளில் இருந்த அளவுக்கு இறக்கிய அன்றே, சின்னச் சின்னக் கற்களின் அதிர்வு ஸ்டீயரிங்கில் பாதியாகக் குறைந்தது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

அடுத்து ஷாக். காரின் ஒரு மூலையை உடல் எடையோடு அமுக்கி விட்டால் ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை என்று பொருள். இந்தச் சோதனையில் தேறினாலும் ஷாக் பலவீனமாக இருக்கலாம், ஆகவே இதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளங்கையை டயரின் மேற்பரப்பில் வைத்து ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். அலை அலையாக மேடும் குழியுமாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரம் சாலையைப் பற்றிக்கொள்ளாமல் நெடுநாளாகக் குதித்துக்கொண்டிருக்கிறது. என் காரின் பின் இடது டயர் அப்படித்தான் இருந்தது.

மெக்கானிக் அண்ணன் காரை லிப்டில் ஏற்றி, ஒரு கடப்பாரையை, சக்கரத்தைக் காரோடு இணைக்கும் லோயர் ஆர்முக்கும் காரின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் நடுவே கொடுத்து மெல்ல நெம்பினார். "சார், இதைப் பாருங்கள்" என்றார். அந்த ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ்ஷின் ரப்பர், முற்றிய நாவல் பழம் வெடித்த மாதிரி, முக்கால் வட்டம் கிழிந்து வாய் பிளந்தது. கடப்பாரையை எடுத்ததும் வாய் மூடிக்கொண்டது. நின்ற இடத்தில் பார்த்தால் எதுவுமே தெரியாது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அந்தச் சக்கரம் அரை அங்குலம் பின்னால் போய் வந்திருக்கிறது. குறைந்த வேகத்தில் கேட்ட "லொடக்" சத்தம், வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடில் இருந்து. அதன் பந்து மூட்டு கையாலேயே ஆடியது. இந்த நிலையில் எந்த உயர்ந்த ஷாக்கைப் போட்டிருந்தாலும் கிழிந்த செருப்புக்குப் புது வார் வைத்த கதைதான்.

டயரும் ரிம்மும்

சஸ்பென்ஷனின் முதல் ஸ்பிரிங் டயரின் பக்கச் சுவர். கூரான விளிம்புள்ள பள்ளத்தில் முதலில் மடிவது அதுதான். நமது சிறிய கார்களில் பரவலாக வரும் மூன்று அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 165/80 ஆர்14 (165 மில்லிமீட்டர் அகலம், அதில் 80 சதவீதம் பக்கச் சுவர், 14 அங்குல ரிம்) டயரின் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர். 185/65 ஆர்15 என்றால் 120. 195/55 ஆர்16 என்றால் 107. மூன்றின் வெளிவிட்டமும் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர்தான் என்பதால் ஸ்பீடோமீட்டர் மாறாது, தரை இடைவெளியும் மாறாது. பதினான்கிலிருந்து பதினாறுக்குப் போகிறவர், பள்ளத்தை விழுங்கும் ரப்பரில் 25 மில்லிமீட்டரை இரும்புக்கும் அலுமினியத்துக்கும் தானமாகக் கொடுத்துவிடுகிறார். மலிவான வார்ப்பு அலாய் பல சமயம் பழைய இரும்பு ரிம்மைவிட எடையும் கூடுதல். ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை கூடக்கூட ஷாக்குக்கு வேலை அதிகம். பள்ளத்தில் இரும்பு ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் காற்று கசியும், உடைந்தால் மாற்ற வேண்டியதுதான்.

நெடுஞ்சாலை வளைவில் அகலமான டயருக்குப் பிடிமானம் கூடுதல் என்பது உண்மை. தினமும் 20 கிலோமீட்டர் வேகத்தில் மூடிகளைத் தாண்டுகிறவருக்கு அது தேவைப்படும் நாள் குறைவு. அம்மாவுக்காகத் தேடியதில் பெரிய ரிம் என்ற யோசனை இங்கேயே விழுந்துவிட்டது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. ஆறேழு ஆண்டான டயர், தேயாமல் இருந்தாலும், கெட்டிப்பட்டு அதிர்வை அப்படியே மேலே அனுப்பும்.

ஷாக் அப்சார்பர்: முக்கியமான தேர்வு இங்கேதான்

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் அமுங்கி விரியும் ஆட்டத்தை அடக்குவது ஷாக். எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி, ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் விளம்பரங்களில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

ஷாக்கின் வேகம் வேறு, காரின் வேகம் வேறு. நீளமான வேகத்தடையை மெதுவாக ஏறும்போது உள்ளே பிஸ்டன் மெல்ல நகர்கிறது. இந்தியச் சாலைப் பேரவையின் 1988-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும்; அப்படிக் கட்டியதை 25 கிலோமீட்டர் வேகத்தில் வலியின்றித் தாண்டலாம். நம் தெருக்களில் அரை மீட்டர் அகலத்தில் சிமெண்டைக் குவித்து வைத்திருப்பது வேறு பொருள். அதன் மேலும் பள்ளத்தின் விளிம்பிலும் பிஸ்டன் மிக வேகமாக ஓடும். நல்ல ஷாக், மெதுவான அசைவில் இறுக்கமாகவும் வேகமான அசைவில் எண்ணெய்க்குக் கூடுதல் வழிவிட்டும் நடந்துகொள்ள வேண்டும். விலைக்கேற்ற வேறுபாடு பெரும்பாலும் எண்ணெய்க்கு வழிவிடும் வால்வில்தான்.

என் முன் நான்கு வகைகள் இருந்தன.

ஒன்று, தயாரிப்பாளர் கொடுத்த அதே ரகம்: இரட்டைக் குழாய், குறைந்த அழுத்த நைட்ரஜன். 1961-இலிருந்து இங்கே ஷாக் செய்துவரும் கேப்ரியல் போன்ற நிறுவனங்களின் பொருட்களும் அதிகாரப்பூர்வ உதிரிப்பாகமும் இந்த வரிசையில் வரும். எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் மாட்டுவார். வெளிக்குழாயில் கல் பட்டு நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடும் குழாய் தப்பிக்கும் என்பது நம் சாலைக்கு ஒரு பெரிய வசதி. நீண்ட நேரம் கரடுமுரடில் ஓடினால் எண்ணெய் சூடாகி நுரைத்துத் தளரும் என்பது குறை. நகரத்துக்குள் அந்த அளவு சூடாவது அரிது.

இரண்டு, ஒற்றைக் குழாய், அதிக அழுத்த வாயு. ஜெர்மனியின் பில்ஸ்டீன் பி6 இதற்குப் பெயர் போனது. வாயுவையும் எண்ணெயையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைப்பதால் நுரைக்காது, வெப்பம் நேரடியாக வெளியேறும். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஆணியடித்தாற்போல் நிற்கும். ஆனால் உள்ளிருக்கும் அழுத்தமும் சீல்களின் உராய்வும் சேர்ந்து, சின்ன அதிர்வுகளைச் சற்றுக் கூடுதலாகவே உள்ளே அனுப்பும். குழாயில் கல் பட்டு நசுங்கினால் பிஸ்டனே சிக்கிக்கொள்ளும். பி8 என்று ஒன்று உண்டு. அது தாழ்த்திய காருக்கானது, அதைத் தொடவே வேண்டாம்.

மூன்று, அதிர்வின் வேகத்தைத் தானே உணர்ந்து வழிவிடும் வகை. நெதர்லாந்தின் கோனி, ஸ்பெஷல் ஆக்டிவ் என்ற பெயரில் விற்கிறது. பிஸ்டனோடு இணைந்த கூடுதல் வால்வு ஒன்று, சடசடவென்ற சிறு அதிர்வில் எண்ணெய்க்குப் பக்கவழி திறக்கும். கார் உருளும் நீண்ட அசைவில் அந்த வழி மூடிக்கொள்ளும். மென்மையும் உறுதியும் ஒரே ஷாக்கில் வேண்டும் என்பவருக்கு, நான் ஆராய்ந்தவற்றில் மோசமான சாலைக்கு மிகப் பொருத்தமானது இதுதான். சிக்கல் கிடைப்பதில் இருக்கிறது. ஐரோப்பாவிலும் விற்கும் ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் மாடல்களுக்கு எளிதாகக் கிடைக்கும்; இந்தியாவுக்கென்றே செய்த சிறிய கார்களுக்குப் பொருந்தும் எண் பல சமயம் பட்டியலிலேயே இருக்காது. நான்கின் விலை அரை லட்சத்தைத் தாண்டும். என் காருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் யோசித்திருப்பேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான்கு, திருகி இறுக்கும் வகை, அதாவது காயில்ஓவர். உயரமும் இறுக்கமும் நம் கையில். பந்தயத் தடத்துக்கு வந்த பொருள். திருகும் மரையில் நம் சாலைச் சேறும் உப்புக் காற்றும் ஏறி இரண்டு மழைக்காலத்தில் இறுகிவிடும். தினசரிக் காருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இறுக்கமான ஷாக் வாங்குகிறவர்கள் அறியவேண்டிய ஒரு நிகழ்வு உண்டு. அமுங்கிய ஸ்பிரிங் விரிய நேரம் வேண்டும். விரிதலை ஷாக் அளவுக்கு மீறித் தடுத்தால், அடுத்தடுத்து வரும் மேடுகளில் ஸ்பிரிங் முழுதாக விரிவதற்குள் அடுத்த அடி விழும். கார் படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில், முழுதாக அமுங்கும்போது இரும்பு இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் உட்கார்ந்து ஓடும். நண்பரின் காரில் கீழ்க்கட்டளையில் சுரண்டிப் போட்ட சாலையில் இதை உணர்ந்தேன்: முதல் பத்து மீட்டர் அருமை, அதன் பிறகு கட்டை வண்டி.

ஸ்பிரிங், ஸ்பேசர், ரப்பர்

ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் கார் அடியில் இடிக்காது என்பது உண்மை. எதை விலையாகக் கொடுக்கிறோம் என்பதைக் கணக்கில் பார்க்கலாம். காரின் எடையால் ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் அமுங்கி நிற்குமானால், உடல் வினாடிக்கு ஒரு தடவை ஆடும், தாலாட்டும் வேகம். 11 சென்டிமீட்டர் என்றால் ஒன்றரை தடவை. 6 சென்டிமீட்டர் என்றால் இரண்டு தடவை. அது பந்தயக் காரின் பக்கம். கம்பியின் தடிமன் பத்து சதவீதம் கூடினாலே ஸ்பிரிங்கின் கெட்டி 46 சதவீதம் கூடிவிடும். "கொஞ்சம்தான் தடிமன் கூட" என்று கடைக்காரர் சொல்லும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

புது ஸ்பிரிங் நியாயமாகத் தேவைப்படும் ஒரு கூட்டம் இருக்கிறது. டிக்கியில் சிஎன்ஜி எரிவாயு சிலிண்டரை வெளிக்கடையில் பொருத்திக்கொண்டவர்கள். அது எப்போதும் இறங்காத ஓர் ஆள் பின்னால் உட்கார்ந்திருப்பது போல. அவர்கள் அதே மாடலின் சிஎன்ஜி வகைக்குத் தயாரிப்பாளரே தரும் பின் ஸ்பிரிங் உண்டா என்று உதிரிப்பாகக் கடையில் கேட்டுப் பார்க்கலாம். பல ஆண்டு ஓடி ஸ்பிரிங் தளர்ந்து ஒருபக்கம் சாய்ந்த கார்களுக்கும் அசல் ஸ்பிரிங் ஜோடியாகத் தேவை. மற்றவர்களுக்குத் தேவையில்லை.

ஸ்பேசரில் இரண்டு விதம். ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் வைப்பது ஒன்று. ஷாக்கின் ஓட்டம் குறையாது. ஆனால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டு கூடுதல் கோணத்தில் மடங்கும், அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங்குக்கு அடியில் வைப்பது மற்றொன்று. 20 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஷாக் எப்போதும் 20 மில்லிமீட்டர் நீண்டே நிற்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கவேண்டிய தூரம் அவ்வளவு குறையும். ஒவ்வொரு குழியிலும் "டக்" என்று மேல்முட்டும். உயரம் கிடைக்கிறது, சொகுசு போகிறது. வழியில் ஒரு தரைப்பாலமோ தோட்டப் பாதையோ இருந்து, அடிப்பாகம் தினமும் உரசுகிறவருக்கு மட்டும் முதல் விதத்தை, பதினைந்து மில்லிமீட்டருக்கு மிகாமல், ஒப்புக்கொள்வேன். சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு ஆய்வாளர் சக்கரத்துக்கு மேலே அலுமினிய வளையத்தைக் கண்டால் கேள்வி வரும்.

ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையத்தை நானே வாங்கி ஏமாந்திருக்கிறேன். இந்த வேலைக்கு இரண்டு ஆண்டு முன், ஐந்து பேரோடு ஊருக்குப் போகும்போது பின்பக்கம் வேகத்தடையில் இடிக்கிறது என்று ஒரு கடையில் சொன்னேன். "உயரமும் கூடும், மெத்தென்றும் இருக்கும்" என்றார்கள். அந்த வளையம் உட்கார்ந்த சுருள் அசையாமல் முடங்கிவிடுகிறது. மிச்சமுள்ள சுருள்கள் மட்டும் வேலை செய்வதால் ஸ்பிரிங் கெட்டியாகிறது. ஐந்து பேரோடு போகும் மாதத்தில் ஒரு நாள் சரியாக இருந்தது. தனியாகப் போகும் மற்ற நாட்களில் பின்சக்கரம் கல்போல் குதித்தது. கழற்றியபோது, ரப்பர் உராய்ந்த இடத்தில் ஸ்பிரிங்கின் வண்ணப்பூச்சு போய் அரை வட்டத்துக்குத் துரு ஏறியிருந்தது. அந்த அலை அலையான டயர்த் தேய்மானத்தில் அதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

கடைசியில் நான் செய்தது

நான்கு ஷாக்கும் அசல் ரகம். முன் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாம் புதிது. பழைய பம்ப் ஸ்டாப் கையில் எடுத்ததும் பொடிந்தது. இதை மாற்றாமல் ஷாக்கை மட்டும் மாற்றுகிறவர்கள்தான் "புது ஷாக் போட்டும் இடிக்கிறது" என்கிறார்கள். லோயர் ஆர்ம் இரண்டும் புஷ்ஷோடு, லிங்க் ராட் இரண்டு. ஸ்பிரிங் பழையதே, உயரம் அளந்தோம், இருபக்கமும் சமம். ரப்பருக்குப் பதில் அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்டேன். நீண்ட நாள் உழைக்கும், வளைவில் ஸ்டீயரிங் கூர்மையாகும், அதிர்வையும் கூடவே உள்ளே கொண்டுவரும், கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும். அம்மா உட்காரும் காருக்கு ரப்பரே போதும் என்று விட்டேன். கூலியும் வீல் அலைன்மெண்டும் சேர்ந்து 20,000 ரூபாய்க்குள் முடிந்தது.

பொருத்தும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைக் கார் லிப்டில் தொங்கும்போதே முழுதாக முறுக்கிவிடக் கூடாது. ரப்பர் உள்ளே இரும்போடு ஒட்டப்பட்டது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், தரையில் இறங்கியதும் அது எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதத்தில் கிழியும். எங்கள் அண்ணன் போல்ட்டைக் கையளவு மட்டும் முறுக்கி, காரை இறக்கி, நான்கு சக்கரத்தில் நிற்கவிட்டு, காருக்கு அடியிலுள்ள வேலைக்குழிக்குள் இறங்கி இறுதி முறுக்குக் கொடுத்தார். அரை மணி நேரம் கூடுதல். அந்த அரை மணிக்கு அவர் தனியாகப் பணம் கேட்கவில்லை, நான் கொடுத்தேன்.

இதே தொகையை வேறு விதமாகப் பிரிக்க நினைப்பவருக்கு: ஐயாயிரம்தான் கையில் இருக்கிறது என்றால் காற்றழுத்தம், லிங்க் ராட், கிழிந்த புஷ், அலைன்மெண்ட் என்று தொடங்குங்கள், ஷாக் அடுத்த ஆண்டு வரட்டும். வாரம் இருமுறை 300 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர், காருக்குக் கிடைக்குமானால், ஒற்றைக் குழாய் ஷாக்குக்குப் போகலாம். நகரப் பள்ளமும் நெடுஞ்சாலையும் பாதிப்பாதி என்றால், கையில் பணமும் இருந்தால், கோனி வகை. இவற்றில் எதுவானாலும் முன் இரண்டு சேர்த்தும் பின் இரண்டு சேர்த்தும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒருபக்கம் இழுக்கும்.

வேலை முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. மேடவாக்கம் கூட்டுச்சாலைக்கு முன்னால் இருக்கும் அதே தாழ்ந்த மூடியில் இன்றும் சக்கரம் இறங்குகிறது. ஒரே ஒரு தணிந்த "தொம்", அவ்வளவுதான். அம்மா தலைப்பிடியைப் பிடிப்பதில்லை, போன வாரம் மேடவாக்கம் வரை தூங்கியே வந்தார். அடுத்த ஆண்டு டயர் மாற்ற வேண்டியிருக்கும். கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு பதினாறு அங்குல அலாயோடு தருவதாகச் சொல்லியிருக்கிறார். 165/80 ஆர்14 நான்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.